கோப்பிக் கடையின் பொயின்ட் கார்ட்: சேரலாமா, வேண்டாமா?

என் சித்தி மகள் கண்டியில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. போன மாதம் ஒரு நாள் இரவு அழைத்தாள். "அக்கா, ஒபிஸுக்குக் கீழ இருக்கிற கோப்பிக் கடையில பில் போடுறப்பல்லாம் போன் நம்பர் கேக்குறாங்க. குடுத்தா பொயின்ட் சேருமாம். குடுக்கவா, வேணாமா?" பின்னால் நாலைந்து பேர் வரிசையில் நிற்கும்போது கேட்கப்படுகிற கேள்வி அது. நின்று யோசிக்க நேரம் இல்லை. அவளும் மூன்று தடவை "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறாள்.

நல்ல கேள்விதான் கேட்டாள். நான் ஹட்டனில் உயர்தர வகுப்புக்கு வணிகக் கல்வி சொல்லிக்கொடுக்கிறவள். வட்டி, கழிவு, பெறுமானத் தேய்வு எல்லாம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். ஆனால் என் மாணவர்கள் படிப்பை முடித்து, கண்டிக்கோ கொழும்புக்கோ போய், முதல் சம்பளம் வாங்கியதும் கையெழுத்துப் போடாமலே சேர்ந்துவிடுகிற முதல் ஒப்பந்தம் இந்த மாதிரி ஒரு பொயின்ட் கார்ட்தான். அதைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. அவளுக்குப் போனில் அரை மணி நேரம் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கணக்கு வரும், ஆனால் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை போடக்கூடிய கணக்குத்தான்.

கொசுறும் பொயின்ட்டும்

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மரக்கறி வாங்கி முடிந்ததும், தெரிந்த கடைக்காரர் பைக்குள் ஒரு கொத்து கறிவேப்பிலையும் இரண்டு பச்சை மிளகாயும் போட்டுவிடுவார். கொசுறு. அடுத்த ஞாயிறும் கால் தானாக அதே கடைப் பக்கம்தான் போகும். அவருக்கும் அது தெரியும், நமக்கும் தெரியும். லோயல்டி கார்ட் என்பது இதே கொசுறுதான். ஒரு வித்தியாசம்: கொசுறைக் கணக்கில் எழுதி, நம் பெயரைப் போட்டு, பிறகு தருகிறேன் என்று சொல்லி வைத்துக்கொள்கிறார்கள்.

இந்த ஏற்பாடு புதிதல்ல. அமெரிக்காவில் 1896இலேயே எஸ் அண்ட் எச் என்ற நிறுவனம் பச்சை முத்திரைகளை அச்சடித்துக் கடைகளுக்கு விற்றது. சாமான் வாங்குகிறவர்களுக்குக் கடைக்காரர் முத்திரை கொடுப்பார். அதை ஒரு புத்தகத்தில் ஒட்டி நிரப்பினால் வீட்டுப் பொருள் ஏதாவது கிடைக்கும். 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானப் பயணத்துக்கு மைல் கணக்கு எழுதத் தொடங்கியது. அதற்குப் பிறகு சுப்பர்மார்க்கெட், வங்கிக் கார்ட், கோப்பிக் கடை என்று எல்லா இடத்துக்கும் பரவிவிட்டது.

சந்தைக் கொசுறு இப்போதே பைக்குள் விழுந்துவிடுகிறது. பொயின்ட் விழுவதில்லை. அது ஒரு வாக்கு. கிடைக்கப்போகும் பலாக்காயைவிடக் கையிலிருக்கும் களாக்காய் மேல் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். 100 பொயின்ட்டுக்கு என்ன கிடைக்கும், எப்போது வரை கிடைக்கும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது கடை. அது கடை அடித்த காசு, கடைக்குள் மட்டும் செல்லும் காசு.

கோப்பிக்கும் இப்படிப்பட்ட தனிக் காசுக்கும் நம் நாட்டில் பழைய உறவு உண்டு. மலையகத்தில் தேயிலைக்கு முன்னால் இருந்தது கோப்பி. 1820களில் கம்பளைப் பக்கத்தில் பெருந்தோட்டமாகத் தொடங்கி, 1869இல் வந்த இலைத்துரு நோயில் படிப்படியாக அழிந்துபோனது. நம் முன்னோர் தமிழகத்திலிருந்து இந்த மலைக்கு நடந்து வந்ததே அந்தக் கோப்பிக்காகத்தான். அந்தக் காலத்தில் கொழும்பில் கோப்பியைக் காயவைத்துச் சுத்தம் செய்த கம்பனிகள் சில, தங்கள் பெயரைப் பொறித்த உலோக வில்லைகளை அங்கே வேலை செய்தவர்களுக்குக் கூலியாகக் கொடுத்திருக்கின்றன. சிலவற்றில் கோப்பிச் செடியின் படம்கூட இருக்கும். வகுப்பில் 'பணம் என்றால் என்ன' என்ற பாடம் வரும்போது நான் அந்த வில்லையில்தான் தொடங்குவேன். அடித்த கம்பனி திருப்பி ஏற்றுக்கொள்ளும் வரைக்கும்தான் அதற்கு மதிப்பு.

நூறு ரூபாவுக்கு எவ்வளவு திரும்பி வருகிறது?

கார்டில் சேர்வதா இல்லையா என்பதைத் தீர்மானிக்க முதலில் ஒரு எண் தெரிய வேண்டும். நான் செலவழிக்கிற 100 ரூபாவில் எத்தனை ரூபா எனக்குத் திரும்பி வருகிறது? அவ்வளவுதான். பொயின்ட், நட்சத்திரம், 'கோல்ட்', 'பிளாட்டினம்' என்று என்ன பெயர் வைத்தாலும் கடைசியில் அதை இந்த எண்ணுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

எளிதானது முத்திரை அட்டை. பத்துக் கோப்பி வாங்கினால் பதினோராவது சும்மா. பத்துக்குக் காசு கொடுத்துப் பதினொன்று குடிக்கிறீர்கள். அப்படியானால் கழிவு 11இல் 1, அதாவது 9 வீதம். 'பத்தாவது சும்மா' என்றால் 10 வீதம். கோப்பி விற்பனையில் இது தாராளமான கழிவுதான். ஆனால் அட்டை நிரம்பினால்தான். ஏழு முத்திரையோடு அட்டை தொலைந்துபோனால் கிடைத்த கழிவு பூச்சியம்.

பொயின்ட் கணக்கு இதைவிடக் கொஞ்சம் சுற்றிப் போகும். ஒரு உதாரணம் எடுப்போம். 100 ரூபாவுக்கு 5 பொயின்ட். 500 பொயின்ட் சேர்ந்தால் 600 ரூபா வரையான ஒரு பானம் சும்மா. 500 பொயின்ட் சேர 10,000 ரூபா செலவழிக்க வேண்டும். 10,000க்கு 600 என்றால் 6 வீதம். பரவாயில்லை என்றுதான் தோன்றும்.

இப்போது பில்லை எடுத்துப் பாருங்கள். என் தங்கச்சி தன் பில்லைப் படம் எடுத்து அனுப்பினாள்; அதை வைத்துத்தான் அவளுக்குச் சொன்னேன். விலைப்பட்டியலில் லாட்டே 900 ரூபா. அதன் மேல் சேவைக் கட்டணம் 10 வீதம், 90 ரூபா. மொத்தம் 990. அதன் மேல் பெறுமதி சேர் வரி 18 வீதம், 178 ரூபா 20 சதம். கையை விட்டுப் போனது 1168 ரூபா 20 சதம். கார்டில் சேர்ந்திருந்தால் பொயின்ட் எதற்குக் கிடைத்திருக்கும்? 900 ரூபாவுக்கு, 45 பொயின்ட். ஆக, நாம் 6 வீதம் என்று கணக்குப் போட்டது உண்மையில் கொடுத்த காசுக்கு 4.6 வீதம்தான். சில கடைகளில் வரியெல்லாம் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும். அங்கே இந்த வித்தியாசம் வராது. உங்கள் பில்லின் அடிப்பகுதியை ஒரு தடவை வாசித்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

அந்த 600 ரூபாப் பானம் என்ன என்பதும் முக்கியம். நீங்கள் எப்போதும் குடிப்பது லாட்டே. இலவசமாகத் தருவது சிறிய பிளாக் கோப்பி. காசு கொடுத்து அதை வாங்குவீர்களா? வாங்கமாட்டீர்கள் என்றால் அதன் மதிப்பு உங்களுக்கு 600 இல்லை. 300 ரூபா என்றால் எடுப்பேன் என்று தோன்றினால், உங்களுக்கு அது 300 ரூபாதான். கடை எழுதிய மதிப்பை விட்டுவிட்டு, உங்கள் மனம் சொல்கிற மதிப்பைப் போட்டுக் கணக்கைத் திருப்பிச் செய்யுங்கள்.

கப் கணக்கா, காசுக் கணக்கா?

இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் 2022ஐ நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். முந்தின வருடம் 100 ரூபாவுக்கு வாங்கியதை 170 ரூபா கொடுத்து வாங்கினோம். பால்மாவுக்கு வரிசையில் நின்ற காலம்.

அப்படி ஒரு காலம் வரும்போது உங்கள் கார்டில் இருப்பது 'இன்னும் மூன்று முத்திரைக்கு ஒரு கப்' என்றால், விலை ஏறினாலும் அது ஒரு கப்தான். கப் கப்பாகவே நிற்கும். அதுவே '600 பொயின்ட், அதாவது 600 ரூபா' என்று இருந்தால், விலை ஏற ஏற அது கரையும். ஒரு கோப்பிக்குப் போதுமாக இருந்தது அரைக் கோப்பிக்கும் போதாமல் போகும். முத்திரை அட்டை பழைய பாணி, ஆப் புதிய பாணி என்று நினைக்கிறோம். ஆனால் நம்மைப் போன்ற நாட்டில் வாடிக்கையாளருக்குப் பாதுகாப்பானது அந்தப் பழைய அட்டைதான் என்பது என் எண்ணம்.

ஆப்பிலும் கணக்கு முறையைக் கடை நினைத்த நேரத்தில் மாற்றலாம். உலகத்திலேயே பெரிய கோப்பிக் கடைக் கம்பனியான ஸ்டார்பக்ஸ் அமெரிக்காவில் செய்ததைப் பார்த்தால் தெரியும். 2016 வரை அங்கே ஒரு தடவை கடைக்குப் போனால் ஒரு நட்சத்திரம். கோல்ட் உறுப்பினருக்கு 12 நட்சத்திரத்துக்கு ஒன்று இலவசம். 2 டொலருக்குச் சாதாரணக் கோப்பி குடிக்கிறவர் 24 டொலரில் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவார். அந்த வருடம் ஏப்ரலில் அதை மாற்றி, ஒரு டொலருக்கு 2 நட்சத்திரம், 125 நட்சத்திரத்துக்கு ஒன்று இலவசம் என்றார்கள். இப்போது அதே ஆள் 62 டொலருக்கு மேல் செலவழிக்க வேண்டும். 12 தடவை போனால் கிடைத்ததற்கு 32 தடவை போக வேண்டும். 2023 பெப்ரவரியில் இன்னொரு மாற்றம்: 150 நட்சத்திரத்துக்குக் கிடைத்த லாட்டே மாதிரியான பானத்துக்கு 200 நட்சத்திரம் ஆனது. சேர்ந்த நாளில் இருந்த விதிதான் எடுக்கப்போகிற நாளிலும் இருக்கும் என்று நம்பிப் பொயின்ட்டைக் குவித்து வைக்கக் கூடாது. ஒரு கோப்பிக்குச் சேர்ந்ததும் அந்தக் கோப்பியை வாங்கிக் குடித்துவிட வேண்டும்.

ரீலோட் போடச் சொன்னால்

நிறையக் கடைகளில் ஆப்புக்குள் முன்கூட்டியே காசு போட்டு வைத்தால் இரட்டைப் பொயின்ட் என்பார்கள். போனுக்கு ரீலோட் போடுகிற மாதிரி 2000, 3000 என்று போட்டு வைத்து, குடிக்கக் குடிக்கக் கழித்துக்கொள்ளலாம்.

எங்கள் அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுத்த காலத்தில் வீட்டில் ஒரு பற்றுக் கொப்பி இருந்தது. ஓரம் மடிந்து, எண்ணெய்க் கை பட்டு அட்டை கறுத்துப்போன 40 பக்கக் கொப்பி. மாதம் முழுக்கத் தோட்டக் கடையில் அரிசி, மா, சீனி, மண்ணெண்ணெய் எடுப்போம். முதலாளி எழுதிக்கொள்வார். பத்தாம் திகதி சம்பளம் வந்ததும் அம்மா கொப்பியோடு போய்க் கணக்கைத் தீர்ப்பார். அங்கே கடன் கொடுத்தது கடைக்காரர், வாங்கியது நாங்கள். காசு வருமா வராதா என்ற கவலை அவருடையது.

கோப்பிக் கார்டில் ரீலோட் போடுவது அதே கொப்பியைத் திருப்பிப் பிடித்த மாதிரி. இங்கே கடன் கொடுக்கிறவர் நீங்கள். வாங்குகிறது கம்பனி. வட்டி கிடையாது. கடை மூடினாலோ, ஆப் வேலை செய்யாமல் போனாலோ, போன் தொலைந்தாலோ கவலை உங்களுடையது. ஸ்டார்பக்ஸின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், வாடிக்கையாளர்கள் கார்டில் போட்டு வைத்து இன்னும் செலவழிக்காத காசு 150 கோடி டொலருக்கு மேல் இருக்கிறது. அதில் ஒரு பகுதி ஒருபோதும் செலவழிக்கப்படாது என்று கணித்து, அதைக் கம்பனி தன் வருமானமாகவே எழுதிக்கொள்கிறது. 2023 நிதியாண்டில் அப்படி எழுதியது 20 கோடி டொலருக்கு மேல். மறந்துபோன சில்லறைகள் சேர்ந்த தொகை அது.

என் தங்கச்சிக்கு நான் உறுதியாகச் சொன்னது இந்த ஒன்றைத்தான். பொயின்ட் வேண்டுமானால் சேர்த்துக்கொள், ரீலோட் மட்டும் போடாதே. அவளுடைய முழுச் சம்பளம் வீட்டு வாடகைக்கும் சித்திக்கு அனுப்பவும் அளந்து வைத்த காசு. 2024இல் தோட்டத்தில் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபா ஆனது. அந்தக் கணக்கில் பார்த்தால், ஒரு கம்பனியின் கையில் வட்டியில்லாமல் விட்டு வைக்கிற 3000 ரூபா அவள் அம்மாவின் இரண்டு நாள் உழைப்புக்கு மேல்.

இன்னும் இரண்டே முத்திரை

கார்ட் நம்மை எப்படி இழுக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் ஜோசப் நூனெஸ், சேவியர் ட்ரெஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை இருக்கிறது. கார் கழுவும் இடத்தில் இரண்டு வகை முத்திரை அட்டை கொடுத்தார்கள். ஒன்றில் எட்டுக் கட்டம், எல்லாம் வெறுமை. மற்றதில் பத்துக் கட்டம், இரண்டில் ஏற்கெனவே முத்திரை குத்தியிருந்தது. இரண்டிலும் இன்னும் எட்டுத் தடவைதான் வர வேண்டும். ஆனால் வெறும் அட்டை வாங்கியவர்களில் 19 வீதம் பேர்தான் அட்டையை நிரப்பினார்கள்; இரண்டு முத்திரையோடு வாங்கியவர்களில் 34 வீதம் பேர் நிரப்பினார்கள். கொஞ்ச தூரம் ஏற்கெனவே வந்துவிட்டோம் என்ற எண்ணம்தான் அவர்களை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஆப்பில் சேர்ந்த அன்றே '100 பொயின்ட் பரிசு' என்று ஏன் கொடுக்கிறார்கள் என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

அதே ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குள் இருந்த ஒரு கோப்பிக் கடையில் செய்த ஆய்வும் வெளிவந்தது. பத்து வாங்கினால் ஒன்று சும்மா என்ற அட்டைதான். அட்டை நிரம்ப நிரம்ப, ஒரு கோப்பிக்கும் அடுத்த கோப்பிக்கும் இடையிலுள்ள நாட்கள் குறைந்துகொண்டே போயின. வீடு கண்ணுக்குத் தெரிந்ததும் கொழுந்துக் கூடையோடு ஏறுகிறவர்களின் நடையும் எட்டிப் போகுமே, அப்படி.

இதில்தான் கார்டின் லாபம் நட்டமாக மாறுகிறது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதம் எட்டுக் கோப்பி, ஒவ்வொன்றும் 900 ரூபா, 7200 ரூபா. முன்னே சொன்ன 6 வீதத்தையே வைத்துக்கொண்டால் மாதம் 432 ரூபா திரும்பி வருகிறது. இப்போது 'இன்னும் 45 பொயின்ட்தான் வேண்டும்' என்று ஒரு குறுஞ்செய்தி வந்து, அதற்காகவே ஒரு கோப்பி கூடக் குடித்தீர்கள் என்றால் போனது 900 ரூபா. இரண்டு மாதச் சேமிப்பு ஒரே கப்பில் தீர்ந்துவிட்டது. கார்ட் இல்லாமலே குடித்திருக்கக்கூடிய கோப்பிக்கு மட்டும்தான் அது கழிவு.

திகதி

நான் படிப்புக்காக ஒவ்வொரு சனிக்கிழமையும் கண்டிக்குப் போய் வந்த காலத்தில் ஒரு கடையின் கார்ட் என்னிடமும் இருந்தது. விடியற்காலை பஸ் பிடித்து, கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து இறங்கி வகுப்புக்குப் போவேன். மத்தியானம் ஒரு கோப்பி. அப்படி ஒரு வருடத்துக்கு மேல் சேர்த்து 640 பொயின்ட் ஆனது. அம்மா பிறந்தநாளுக்கு அதில் ஒரு கேக் வாங்கித் தரலாம் என்று நினைத்து வைத்திருந்தேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போன அன்று கவுன்டரில் இருந்த பிள்ளை திரையைப் பார்த்துவிட்டு, "மிஸ், பொயின்ட் போன மாதத்தோட முடிஞ்சிட்டு" என்றார். சிம் மாற்றியிருந்ததால் எச்சரிக்கைச் செய்தி எனக்கு வரவே இல்லை. அம்மா, "விடு பிள்ளை, வீட்டில போய் ரொட்டி சுடுவோம்" என்றார். காசு கொடுத்து ஒரு சிறிய கேக் வாங்கினேன். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கவுன்டர் முன்னால் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது மனதில் இருக்கிறது.

அதனால் சேருமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: பொயின்ட் எத்தனை மாதம் உயிரோடு இருக்கும்? நம் ஊர்க்காரர்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஹட்டனிலோ தலவாக்கலையிலோ மஸ்கெலியாவிலோ இருந்துகொண்டு மாதம் ஒரு தடவை கண்டிக்குப் போகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு 900 ரூபாக் கோப்பி. 500 பொயின்ட்டுக்கு 10,000 ரூபா வேண்டும். பொயின்ட் ஆறு மாதத்தில் காலாவதியாகும் என்றால் அந்த ஆறு மாதத்தில் சேர்வது 270தான். ஏழாவது மாதம் ஒன்று ஏறும்போது முதல் மாதத்துப் பொயின்ட் கழன்று விழும். வாழ்நாள் முழுக்க 270லேயே நிற்கலாம். ஒரு வருடக் கெடு என்றால் பன்னிரண்டாவது தடவையில் 540 ஆகி மட்டுமட்டாகத் தொட்டுவிடலாம், ஒரு மாதமும் தவறாமல் போயிருந்தால். மண்சரிவிலும் மழையிலும் பாதை மூடும் நம் பக்கத்தில் ஒரு மாதமும் தவறாமல் என்பது சுலபமில்லை.

பிறந்தநாள் இலவசக் கோப்பியும் அப்படித்தான். அந்த வாரம் எப்படியும் அந்த ஊரில் இருப்பீர்கள் என்றால் குடித்துவிட்டு வாருங்கள். அதற்காகவே பஸ் ஏற வேண்டாம்.

போன் நம்பர் கொடுக்கலாமா?

பெயர், போன் நம்பர், பிறந்த திகதி, எந்த நாளில் எத்தனை மணிக்கு எந்தக் கிளையில் என்ன குடித்தீர்கள். கழிவுக்குப் பதிலாக நாம் கொடுப்பது இதைத்தான். கடைக்கு இது உண்மையிலேயே பயன்படுகிறது: எந்த நேரத்துக்கு எத்தனை பேரை வேலைக்கு நிறுத்துவது, யாருக்கு எந்த நாளில் செய்தி அனுப்பினால் வருவார் என்றெல்லாம் தெரிந்துகொள்ளலாம். இதில் பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொல்லமாட்டேன், கொடுக்கவே கூடாது என்றும் சொல்லமாட்டேன். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உங்கள் தரவைப் பயன்படுத்தக் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் உரிமை அதில் சொல்லப்பட்டிருக்கிறது.

நான் கடைப்பிடிப்பது எளிமையானது. போன் நம்பர் கேட்டால் கொடுப்பேன். தேசிய அடையாள அட்டை இலக்கம் கேட்டால் கொடுக்கமாட்டேன். ஒரு கோப்பிக்கு அது தேவையில்லை. ஆப் போட்டால் இருப்பிடம் பார்க்கும் அனுமதியை மூடிவிடுவேன். தனியாக இருக்கிற பெண் பிள்ளைகள், வரிசையில் எல்லோருக்கும் கேட்கும்படி நம்பரைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம். ஒரு துண்டில் எழுதிக் காட்டலாம், அல்லது திரையில் நாமே அழுத்தலாம். இதைத் தங்கச்சியிடம் இரண்டு தடவை சொன்னேன். விளம்பரம் செய்த சலுகையைத் தராமல் ஏமாற்றினால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறைப்பாடு செய்யலாம் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

சரி, யார் சேரலாம்?

கண்டியிலோ கொழும்பிலோ வேலை செய்து, வாரம் இரண்டு மூன்று தடவை ஒரே கடையில் கோப்பி குடிக்கிறவர் சேரலாம். ஏற்கெனவே செலவழிக்கிற காசுக்கு நூற்றுக்கு ஐந்து, ஆறு ரூபா வந்தாலும் வரட்டும், விடுவானேன்? பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து போகிறவர்களாக இருந்தால், கடை அனுமதித்தால், ஒரே நம்பரில் சேர்ப்பது நல்லது. தனித்தனியாக ஐந்து கார்ட் பாதியில் நிற்பதைவிட ஒன்று நிரம்பும்.

மாதத்துக்கு ஒருமுறை, விசேஷத்துக்கு ஒருமுறை என்று போகிறவர்களுக்கு எனக்கு ஆர்வமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நம்பரைக் கொடுத்து, செய்திகள் வாங்கி, கடைசியில் திகதி முடிவதைப் பார்ப்பதுதான் மிஞ்சும். அவர்களுக்கு என் யோசனை வேறு. பில் போடுமுன் "இன்றைக்கு ஏதாவது கழிவு இருக்கா?" என்று கேளுங்கள். வங்கிக் கார்டுக்குக் கழிவு, குறிப்பிட்ட கிழமையில் கழிவு என்று அடிக்கடி ஏதாவது இருக்கும். அது அந்த நிமிடமே பில்லில் குறைகிறது. சேர்த்து வைக்கவும் வேண்டாம், மறக்கவும் வேண்டாம்.

ஒரு லாட்டேக்குக் கொடுக்கிற காசில் எங்கள் டவுன் தேத்தண்ணிக் கடையில் பத்துப் பால் தேத்தண்ணி குடிக்கலாம் என்பதும் உண்மைதான். ஆனாலும் கோப்பிக் கடைக்குப் போவதே வீண் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. லயத்து அறையில் ஆறு பேரோடு வளர்ந்த பிள்ளை அவள். ஒரு மேசை, ஒரு கதிரை, ஜன்னலுக்கு வெளியே கண்டி வீதி, அரை மணி நேரம் யாரும் கூப்பிடாத அமைதி. அதற்குக் கொடுக்கிற காசு அது. அவள் கொடுக்கட்டும். அந்தக் காசு எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியில் அவளிடம் ஒரு வேலை சொன்னேன். கார்டில் சேருமுன் ஒரு மாதம், குடிக்கிற ஒவ்வொரு கோப்பியையும் ஒரு கொப்பியில் எழுது: திகதி, விலை, தனியாகவா கூட்டாளிகளோடா. நேற்று மூன்றாவது வாரத்துப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். இதுவரை பதினொன்று. அதில் ஏழு ஒரே கடையில். "அக்கா, இவ்வளவு குடிச்சேனா?" என்று கீழே எழுதியிருந்தாள். இந்தக் கணக்குக்குக் கார்ட் அவளுக்கு ஒத்துவரும். பொயின்ட் எத்தனை மாதம் நிற்கும் என்று கவுன்டரில் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை நம்பரைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.